சிப்பாயும் சுபேதாரும்: சென்னைப் படை உருவான வரலாறு

காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. முசரவாக்கம் முதலிய சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து சைக்கிளிலேயே போய்வரக்கூடிய தூரம்தான். பல்லவன் மகேந்திரவர்மன் தன் பகைவரை இவ்வூரில் வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. ஆனால் இன்று அவ்வூருக்குச் செல்பவர்கள் காண்பவை பல்லவர் காலச் சின்னங்கள் அல்ல. வயல்களுக்கு நடுவே நிற்கும் இரண்டு நினைவுத் தூண்களே அவர்கள் கண்ணில் படுகின்றன. 1781-ஆம் ஆண்டு ஐதர் அலியுடன் நடந்த சண்டையில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்காக எழுப்பப்பட்டவை அவை.

அந்த அதிகாரிகளின் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர் அல்லர். நம் நாட்டுச் சிப்பாய்கள். துணி வாங்கி விற்க வந்த ஒரு வணிகக் கம்பெனிக்கு இத்தனை சிப்பாய்கள் எப்படிக் கிடைத்தார்கள்? அவர்களை யார், எந்த முறையில் அணி திரட்டினார்கள்? அப்படையில் சேர்ந்த ஒருவன் எந்த நிலைவரை உயர முடிந்தது? இன்றைய இந்திய இராணுவத்தின் மிகப் பழைய வேர்களில் ஒன்று சோழமண்டலக் கரையில் இருப்பதால், இக்கேள்விகளுக்கு விடை காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

கம்பெனி சென்னையில் 1640-இல் கோட்டை கட்டத் தொடங்கியபோது அதனிடம் இருந்தவர்கள் ஒரு சிறு ஐரோப்பியக் காவற்படையும், ஈட்டியும் வாளும் தாங்கிய உள்ளூர்ச் சேவகர்களும் மட்டுமே. கிடங்கைக் காப்பதும், பெரிய மனிதர்கள் வெளியே போகும்போது முன்னே ஓடுவதும் சேவகர்களின் வேலை. இந்த நிலையிலேயே நூறு ஆண்டுகள் கழிந்தன.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன், நகரைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டுமென்று கோரி, தம் மகன் மாபூஸ்கானின் தலைமையில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கொண்ட படையை அனுப்பினார். அடையாற்றின் முகத்துவாரத்தில் அப்படையை எதிர்கொண்ட பிரெஞ்சுத் தரப்பில் ஆயிரம் பேர்கூட இல்லை. அவர்களிலும் பெரும்பகுதியினர் புதுச்சேரியில் பயிற்றுவிக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்களே. ஆற்றைக் கடந்து, வரிசையாக நின்று சுட்டு, பிறகு துப்பாக்கி முனைக் கத்தியோடு அவர்கள் முன்னேறினார்கள். நவாபின் சேனை சிதறி ஓடியது. தென்னிந்தியாவில் போர்க்கலை மாறிய நாள் இது என்று வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுவது வழக்கம்.

இந்த வெற்றிக்குக் காரணம் பிரெஞ்சுக்காரர்களின் உடல்வலிமையோ துப்பாக்கியின் உயர்வோ அன்று. பௌதிகம் பயில்வோர் ஒரு சிறு கணக்கின் மூலம் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அக்காலத் துப்பாக்கியின் குழலில் மரைகள் கிடையாது. குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருந்ததால் வெளியேறும்போது இப்படியும் அப்படியும் மோதி, போக வேண்டிய திசையைவிட்டு விலகிச் செல்லும். நூறு மீட்டருக்கு அப்பால் குறிவைத்துச் சுடுவது பெரும்பாலும் வீண் வேலை. ஒரு முறை சுட்டபின் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்து மீண்டும் சுட, பழகிய கைக்கே இருபது விநாடி ஆகும். பாய்ந்து வரும் குதிரை விநாடிக்குப் பத்து, பன்னிரண்டு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நூறு மீட்டரை அது கடக்கப் பத்து விநாடிக்கு மேல் தேவையில்லை. ஆகவே தனி ஒருவன் ஒரே ஒரு முறைதான் சுட முடியும். இரண்டாம் முறைக்கு மருந்து கெட்டிப்பதற்குள் குதிரைவீரனின் வாள் அவன் தலைமேல் இருக்கும்.

ஆனால் நூறு பேர் தோளோடு தோள் சேர்ந்து இரண்டு மூன்று வரிசைகளாக நின்றால் நிலைமை வேறு. ஒருவன் குண்டு தவறினாலும் பக்கத்தவன் குண்டு தைக்கும். ஒரு பிரிவு சுடும்போது மற்றொரு பிரிவு மருந்து கெட்டிக்கும். சூடு ஓயாது. இதற்கு வேண்டியது ஒன்றே: ஒரே கட்டளைக்கு அத்தனை பேரும் ஒரே வகையில் அசைவது. குதிரை பாய்ந்து வரும்போதும் வரிசையை விட்டு ஒருவனும் ஓடக்கூடாது. ‘கவாத்து’ என்று நாம் சொல்லும் பயிற்சியின் உட்பொருள் இதுதான். தனி மனிதனின் வீரத்தைக் காட்டிலும், ஓடாமல் நிற்கும் பழக்கமே போரை முடிவு செய்யலாயிற்று. அந்தப் பழக்கத்தை எந்த ஊர்க்காரனுக்கும், எந்தச் சாதிக்காரனுக்கும் கற்றுத்தர முடியும் என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் முதலில் கண்டுகொண்டார்கள். அவர்களைப் பார்த்து ஆங்கிலேயர்கள் கற்றுக்கொண்டார்கள்.

பட்டாளம் பிறந்தது

1748-இன் தொடக்கத்தில் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் என்னும் அதிகாரி கடலூர்க் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். ஐம்பது வயதை நெருங்கியவர். ‘இந்திய இராணுவத்தின் தந்தை’ என்று ஆங்கில நூல்கள் இவரைப் போற்றும். தனித்தனிக் கூட்டங்களாகத் தத்தம் தலைவர்களின் கீழ் கூலிக்குச் சண்டையிட்டு வந்த சிப்பாய்களை ஒழுங்கான கம்பெனிகளாக வகுத்தது இவர் காலத்து வேலை. பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்ட 1758 டிசம்பரில் இக்கம்பெனிகளை ஒன்றுசேர்த்து முதல் பட்டாளங்கள் அமைக்கப்பட்டன. மதராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பாண்டாக இன்றும் 1758-ஐயே கொள்கிறது. பட்டாளம் என்ற சொல்லே ‘பட்டாலியன்’ என்னும் ஐரோப்பியச் சொல்லின் தமிழ் வடிவம். சிப்பாய் பாரசீகத்திலிருந்து வந்தது. சுபேதாரும் ஜமேதாரும் மொகலாயர் ஆட்சியின் பதவிப் பெயர்கள். நாயக் என்பது நம் நாட்டு நாயகன்தான். சொற்களைப் பார்த்தாலே படையின் சேர்மானம் தெரிகிறது.

அமைப்பு ஏறத்தாழ இவ்வாறு இருந்தது. அடியில் சிப்பாய். அவனுக்கு மேல் நாயக், அதற்கு மேல் ஹவில்தார், பிறகு ஜமேதார், கம்பெனியின் தலைவராகச் சுபேதார். ஒரு கம்பெனியில் நூறு பேர் அளவுக்கு இருப்பர். ஒன்பது அல்லது பத்துக் கம்பெனிகள் சேர்ந்தது ஒரு பட்டாளம். தொடக்கத்தில் ஒரு பட்டாளத்துக்கு ஒரு சில ஐரோப்பிய அதிகாரிகளே இருந்தார்கள். அன்றாட நிர்வாகம், தண்டனை, சம்பளம், சண்டையில் முன்நின்று நடத்துவது எல்லாம் பெரும்பாலும் நம்மவர் கையில் இருந்தன.

அந்த ஆரம்ப ஆண்டுகளில் ஓர் இந்தியன் எவ்வளவு உயர முடிந்தது என்பதற்கு மருதநாயகம் என்ற யூசுப்கான் சான்று. சிப்பாய்ப் படைகளுக்கெல்லாம் தலைவராக ஆங்கிலேயரே அவரை நியமித்தார்கள். சென்னை முற்றுகையின்போது வெளியிலிருந்து பிரெஞ்சுக்காரர்களைத் தாக்கி அலைக்கழித்தவர் அவர். பின்னர் மதுரைச் சீமையை நிர்வகித்தார். நவாபுக்கும் கம்பெனிக்கும் அடங்க மறுத்தபோது, அவர் கட்டி வளர்த்த அதே படை அவரை எதிர்த்து மதுரையை முற்றுகையிட்டது. தம் ஆட்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அவருக்குப் பிறகு அந்த உயரத்துக்கு எந்த இந்தியனையும் கம்பெனி ஏறவிடவில்லை. ஒரு படிக்கு மேல் கதவு அடைபட்டது. இந்த அடைப்பு சென்னைப் படையின் வரலாற்றில் மிக முக்கியமான செய்தி என்பது என் கருத்து.

படைக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது? ஓரளவு வணிக இலாபத்திலிருந்து. பிறகு மேலும் மேலும் நிலவரியிலிருந்து. நவாபு முகமது அலி, தம் பொருட்டுக் கம்பெனி நடத்திய போர்களுக்குக் கைம்மாறாக 1763-இல் செங்கற்பட்டு ஜாகீரைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். காஞ்சிபுரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் அதில் அடங்கும். நம் ஏரிகளின் கீழ் விளைந்த நெல்லின் ஒரு பங்கு சிப்பாயின் சம்பளமாக மாறியது. அந்தச் சிப்பாய் வேறு சீமைகளைப் பிடித்தான். அந்தச் சீமைகளின் வரி இன்னும் சில பட்டாளங்களுக்கு வழி செய்தது. வட்டிக்கு வட்டி என்பதுபோல வளர்ந்த கணக்கு இது.

புள்ளலூரில் நேர்ந்தது

1780-இல் ஐதர் அலி மைசூரிலிருந்து இறங்கி வந்தபோது இந்த இயந்திரம் முதன்முறையாக நொறுங்கியது. தளபதி ஹெக்டர் மன்றோ ஐயாயிரம் பேருக்கு மேற்பட்ட படையுடன் காஞ்சிபுரத்தில் தங்கினார். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி இன்னொரு படையுடன் வந்து அவரோடு சேர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகஸ்டு 25-ஆம் நாள் பெய்லி கொசஸ்தலையாற்றின் வடகரைக்கு வந்தார். ஆற்றில் அப்போது அதிக நீர் இல்லை. அன்றே கடந்திருக்கலாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முகாம் இட்டார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது! செப்டம்பர் தொடங்கிய பிறகே அவரால் ஆற்றைக் கடக்க முடிந்தது. நம் பக்கத்து ஆறுகளின் குணம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள்.

செப்டம்பர் 6-ஆம் நாள் பேரம்பாக்கத்தருகே திப்பு தாக்கினார். மன்றோ அனுப்பிய ஆயிரம் பேர் 9-ஆம் நாள் வந்து சேர்ந்ததில் பெய்லியின் படை ஏறத்தாழ 3,800 பேர் ஆயிற்று. இவர்களில் ஐரோப்பியர் சில நூறு பேரே. மறுநாள் காலை புள்ளலூரில் ஐதரும் திப்புவும் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். மைசூர்ப் படையினரிடம் இரும்புக் குழலில் மருந்து அடைத்த ராக்கெட்டுகள் இருந்தன. ஐரோப்பாவில் வாணங்களுக்குக் காகித அட்டைக் குழல்களையே பயன்படுத்தி வந்த காலம் அது. இரும்புக் குழல் உள்ளழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கும். ஆகவே வாயு அதிக வேகத்தில் வெளியேறி, வாணம் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று விழும். பீரங்கிக் குண்டோ ராக்கெட்டோ பட்டு, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. மருந்து இல்லாத துப்பாக்கிகளுடன் எந்தக் கவாத்தும் பயன்படாது. பெய்லி சரணடைந்தார். படையில் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியோர் சீரங்கப்பட்டணத்துக்குக் கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மன்றோ வழியிலேயே திரும்பி, தம் கனத்த பீரங்கிகளை ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். சீரங்கப்பட்டணத்தில் உள்ள தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இப்போரின் பெரிய ஓவியத்தை இன்றும் காணலாம்.

தோல்வி நேர்ந்த இருபதாம் நாள், 1780 செப்டம்பர் 30 அன்று, சாலை அமைக்கவும் அகழி தோண்டவும் இரண்டு ‘பயோனியர்’ கம்பெனிகளைச் சென்னை அரசு உருவாக்கியது. மதராஸ் சாப்பர்ஸ் என்று பின்னாளில் பெயர் பெற்ற பொறியியல் படையின் தொடக்கம் அதுவே. அதன் தலைமையகம் பெங்களூரில் இருக்கிறது. அதன் வீரர்களுக்கு இராணுவத்தில் வழங்கும் செல்லப்பெயர் ‘தம்பி’. இந்தப் படைப்பிரிவு பிற்பாடு வந்த எல்லாக் கலைப்புகளுக்கும் தப்பியது. பாலம் கட்டுகிறவனுக்கு எக்காலத்திலும் வேலை உண்டல்லவா!

வேலூருக்குப் பிறகு

சென்னைப் படை கடல் கடந்தும் போயிற்று. 1762-இல் மணிலா, 1811-இல் ஜாவா, 1824-இல் பர்மா, 1840-இல் சீனம். போர்கள் பெருகப் பெருக, படைக்குள் நம்மவரின் மதிப்புக் குறைந்தது. 1796-ஆம் ஆண்டுச் சீரமைப்பில் ஒவ்வொரு பட்டாளத்துக்கும் இருபதுக்கு மேற்பட்ட ஐரோப்பிய அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். முப்பது ஆண்டு அனுபவமுள்ள சுபேதார், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய பதினாறு வயதுப் பையனுக்கு வணக்கம் செலுத்த வேண்டியவரானார்.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-ஆம் நாள் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி பற்றிய கட்டளைகள் உடனடிக் காரணம். இவற்றைப் பாடநூல்கள் கூறும். தங்களை உணர்ந்து பேசக்கூடிய அதிகாரிகள் இல்லாமற்போனதும், இருந்த இந்திய அதிகாரிகளின் சொல் மேலே எட்டாமற்போனதும் அதற்கு அடியில் இருந்த காரணங்கள். கோட்டையிலிருந்த ஐரோப்பியர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து கோட்டையை மீட்டபின், சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். தலைப்பாகைக் கட்டளை ஒழிந்தது. படிக்கட்டின் அடைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்து வந்த அடி வேறு வகையானது. 1857-இல் சென்னைப் படையில் 52 காலாட்படை ரெஜிமெண்டுகள் இருந்தன. அவை பெரும்பாலும் அமைதியாகவே இருந்தன. ஆயினும் அதற்குப் பின் ‘போர்க்குலங்கள்’ என்றொரு கொள்கை செல்வாக்குப் பெற்றது. குளிர்நாட்டு வடக்கத்தியர் பிறவி வீரர்கள் என்றும், தெற்கத்தியர் சண்டைக்குத் தகுதியற்றவர் என்றும் அக்கொள்கை கூறியது. சென்னைப் படையின் தளபதியாக 1881 முதல் 1885 வரை இருந்த ராபர்ட்ஸ் இதை வற்புறுத்தியவர்களில் முதன்மையானவர். இதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. வீரம் குருதியில் ஓடுவதன்று, பழக்கத்தால் வருவது என்பதை 1746-இல் அடையாற்றங்கரையே காட்டியிருந்தது! எனினும் கொள்கைதான் வென்றது. 1895-இல் சென்னை, பம்பாய், வங்காளம் என்ற மூன்று தனிப்படைகளும் ஒரே இந்தியப் படையின் பகுதிகளாயின. தமிழ், தெலுங்குப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920-களின் இறுதிக்குள் மதராஸ் காலாட்படை ரெஜிமெண்டே இல்லாமற்போயிற்று. இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது, 1941-இல் அது மீண்டும் உயிர்பெற்றது. இன்று அதன் மையம் நீலகிரியில் வெல்லிங்டனில் உள்ளது.

அடைபட்ட படியைத் திறக்க நடந்த முயற்சி, போர்க்களத்தைவிடச் சட்டசபைகளிலும் விசாரணைக் குழுக்களிலுமே அதிகம் நடந்தது. முதல் உலகப்போரின் முடிவில் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இந்தியர்களுக்கு இடம் கிடைத்தது. வெள்ளையர் எவரும் இந்தியனுக்குக் கீழே பணிபுரிய நேரக்கூடாது என்பதற்காக, 1923-இல் அவர்களை எட்டே எட்டுப் படைப்பிரிவுகளில் மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். மோதிலால் நேருவும் ஜின்னாவும் இடம்பெற்ற ஸ்கீன் குழு இந்தியாவிலேயே ஒரு கல்லூரி வேண்டுமென்று கூறியது. 1932-இல் டேராடூனில் இந்திய இராணுவ அகாடமி திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் படை 25 இலட்சம் பேராகப் பெருகியபோது, சில நூறாக இருந்த இந்திய அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் ஆனார்கள். 1949 ஜனவரி 15-ஆம் நாள் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். யூசுப்கான் தூக்கிலிடப்பட்டு 184 ஆண்டுகள் கடந்திருந்தன.

கதவு திறக்காத நாடு

திறக்காமலே இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? இதற்கு மத்திய ஆப்பிரிக்காவில் ஒரு சான்று இருக்கிறது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபால்டு 1885-இல் காங்கோ நாட்டைத் தம் சொந்த உடைமையாக்கிக்கொண்டார். அதனை அடக்கி வைக்க அமைத்த படை ‘போர்ஸ் பப்ளிக்’, அதாவது பொதுப்படை. நம் சென்னைப் படையைப் போலவே அதுவும் இலாபத்துக்காகப் பிறந்தது. அதிகாரிகள் ஐரோப்பியர், சிப்பாய்கள் முதலில் சான்சிபாரிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும், பின்னர் உள்நாட்டிலிருந்தும் சேர்க்கப்பட்டோர். ரப்பர் பால் கொண்டுவராத கிராமங்களைத் தண்டிப்பது அவர்கள் வேலை. தோட்டாக்கள் வீணாகவில்லை என்று கணக்குக் காட்ட, கொல்லப்பட்டவர்களின் கைகளை வெட்டிக் கொண்டுவந்த கொடுமையை உலகம் அறியும். 1908-இல் நாடு பெல்ஜிய அரசிடம் சென்றது. படையும் உடன் சென்றது. இரு உலகப்போர்களிலும் ஆப்பிரிக்கக் களங்களில் அது திறமையாகப் போரிட்டது. ஆனால் காங்கோ நாட்டான் ஒருவன்கூட அதிகாரியாக்கப்படவில்லை.

1960 ஜூன் 30 அன்று நாடு விடுதலை பெற்றபோது படையில் ஏறத்தாழ 25,000 பேர் இருந்தனர். அதிகாரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேரும் பெல்ஜியர். ஐந்தாம் நாள் தளபதி ஜான்சன்ஸ் படையினரைக் கூட்டி, கரும்பலகையில் ‘விடுதலைக்கு முன் = விடுதலைக்குப் பின்’ என்று ஒரு சமன்பாட்டை எழுதினார். அன்று மாலையே தைஸ்வில் முகாமில் கலகம் வெடித்தது. சில நாட்களில் பெல்ஜிய அதிகாரிகள் விலக்கப்பட்டனர். படையின் பெயர் ‘காங்கோ தேசியப் படை’ என்று மாறியது. முன்னாள் கணக்குப் பிரிவுச் சார்ஜெண்டான மொபுட்டு, படையின் அலுவலர் தலைவரானார். அதிகாரி வேலை பழகாதவர்கள் ஒரே வாரத்தில் அதிகாரிகளானார்கள். 1965-இல் ஆட்சியையே கைப்பற்றிய மொபுட்டு 1997 வரை இருந்தார். அதன் பின் நடந்த போர்களின் முடிவில், 2003-க்குப் பிறகு, எதிரெதிராக நின்ற ஆயுதக் குழுக்களைச் சேர்த்து இப்போதைய காங்கோ இராணுவம் அமைக்கப்பட்டது.

இந்தியாவில் படிக்கட்டு தானாகத் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகள் தட்டித் திறக்கப்பட்டது. அந்த முப்பது ஆண்டுகள் காங்கோவுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு நாட்டுப் படைகளின் பிற்கால வேறுபாட்டுக்கு இதுவே முழுக் காரணம் என்று கூறமாட்டேன். பெரும் காரணங்களில் ஒன்று என்று கூறத் தயக்கமில்லை.

காங்கோவில் குழப்பம் பரவியபோது ஐ.நா. சபை அனுப்பிய படையில் இந்தியத் துருப்புகளும் இருந்தன. டேராடூனில் பயின்ற காப்டன் குர்பச்சன் சிங் சலாரியா 1961 டிசம்பர் 5-இல் எலிசபெத்வில் நகரில் வீழ்ந்தார். அவருக்குப் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. 1963-இல் கடாங்கா பகுதியில் ஐ.நா. படையின் அலுவலர் தலைவராக இருந்தவர் செங்கற்பட்டில் பிறந்த சுந்தர்ஜி. 1986-இல் அவர் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். மன்றோ பின்வாங்கிச் சென்ற அதே செங்கற்பட்டுத்தான். சுபேதார் பதவி நம் படையில் இன்றும் இருக்கிறது. ஜமேதார் மட்டும் 1965 முதல் நாயப் சுபேதார் என்று அழைக்கப்படுகிறார்.